500 ரூபாய் கிச்சன் தராசு: எடை குறைக்க நினைப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது

எடை குறைக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒன்றை வாங்கச் சொல்வார்கள். டிரெட்மில், கையில் கட்டுகிற வாட்ச், புரோட்டீன் டப்பா, சியா விதை, ஏர் ஃப்ரையர், ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டச் சொல்லும் ஜிம். இவையெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலில் எதை வாங்குவது என்று கேட்டால், சமையல் மேடையில் வைக்கிற டிஜிட்டல் தராசைத்தான் சொல்வேன். 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாக தினமும் பயன்படுகிறது. நான் 84 கிலோவில் ஆரம்பித்து 75-க்கு வந்திருக்கிறேன், அதில் இந்தத் தராசின் பங்கு பெரிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, மேலே வட்டமாக ஒரு தட்டு, முன்னால் சின்னதாக ஒரு திரை. அதிகபட்சம் 10 கிலோ வரை நிறுக்கலாம், ஒரு கிராம் துல்லியம் என்று அட்டையில் போட்டிருக்கும். இரண்டு பென்சில் பேட்டரி. கம்பெனி பெயர் சொல்லவில்லை, காரணம் இதே அச்சில் வார்த்த தராசைப் பத்துப் பேர் பத்துப் பெயர் ஒட்டி விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கண்ணாடித் தட்டு வைத்த, பார்க்க அழகான மாடல்கள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் உண்டு. நம்ம வேலைக்கு அது தேவையில்லை.

மூன்று பட்டன்தான். ஆன்-ஆஃப், அலகு மாற்றுவது, அப்புறம் 'டேர்'. இந்த டேர்தான் உயிர்நாடி. காலிப் பாத்திரத்தை வைத்து அதை அழுத்தினால் திரையில் சைபர் வரும், அதற்குப் பிறகு நீங்கள் போடுவதன் எடை மட்டும் தெரியும். அரிசியைப் போட்டு மறுபடி அழுத்திப் பருப்பைப் போடலாம், மறுபடி அழுத்தி வேறொன்று. பொங்கல் வைக்க ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய உபயோகம் அதே பட்டனைத் தலைகீழாகப் பயன்படுத்துவது. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து டேர் அழுத்தி சைபர் ஆக்குங்கள். பாட்டிலை எடுத்துத் தேவையான அளவு ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். திரையில் மைனஸ் 14 என்று வந்தால் கடாயில் போனது 14 கிராம். ஸ்பூன் வேண்டாம், கப் வேண்டாம், சமைக்கிறவர் கைவேகத்தையும் மாற்ற வேண்டாம். நெய், வெண்ணெய், ஜாம், ஆர்லிக்ஸ் பாட்டில், சர்க்கரை டப்பா, மிக்சர் டப்பா எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

எங்கள் வீட்டில் அம்மாதான் சமையல். தராசு வந்த அன்று, "என்னடா, தோசைக்கு எண்ணெயைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பியா?" என்று கேட்டார்கள். "இல்லம்மா, நீ எப்பவும் போல ஊத்து, நான் பாட்டிலை மட்டும் எடை பார்த்துக்கறேன்" என்றேன். எட்டு தோசை முடிந்ததும் பாட்டிலை வைத்தால் மைனஸ் 62. தோசைக்கு 8 கிராம் பக்கம். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி, ஆக ஒரு தோசைக்கு எண்ணெய் மட்டுமே 70. மூன்று தோசை சாப்பிட்டால் மாவுக் கணக்கில் சேராமலே 210. அம்மா திரையை ஒரு தடவை பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர்களாகவே பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, கிண்ணத்தில் இருந்த எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்துத் தோசை சுட்டார்கள். பாட்டி அப்படித்தான் சுடுவாராம். அன்றைக்கு எட்டு தோசைக்கு 20 கிராம்தான் போயிருந்தது. இரும்புக்கல் நன்றாகப் பழகியிருந்தால் இதுவே தாராளம், முறுகலும் குறையவில்லை. நான் ஒரு வார்த்தை புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை, எண்ணைப் பார்த்ததே போதுமாக இருந்தது. இந்தத் தராசைப் பற்றி எனக்கு இவ்வளவு மரியாதை இருப்பதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டில் சண்டை வராமல் சமையல் மாறுகிறது.

எண்ணெய்க் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் நம் சமையலில் கலோரி ஒளிந்திருப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் பாருங்கள், 910 கிராம் என்று போட்டிருக்கும். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாசம் 5 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாள் தட்டில் எது எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு கணக்குச் சொல்கிறது. தானியம் 250 கிராம், பருப்பு வகையோ முட்டை, மாமிசமோ 85 கிராம், காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம். இந்த எண்ணை வைத்துக்கொண்டு இப்போது மாசம் மூன்றரை லிட்டருக்கு வந்திருக்கிறோம், அதாவது ஆளுக்கு 27 கிராமுக்குள். வித்தியாசம் ஆளுக்குத் தினமும் 100 கலோரி. யாரும் பட்டினி கிடக்கவில்லை, வறுவல் பொரியல் எதுவும் நிற்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை மீனும் வறுக்கிறோம்.

"நான் கொஞ்சமாத்தான் சாப்பிடறேன், இருந்தாலும் எடை குறையலை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. மனசார அப்படித்தான் நம்புகிறார்கள். 1992-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. எவ்வளவு டயட் இருந்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கையும் உடம்பு உண்மையில் செலவழித்ததையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடம்பு எரிக்கும் வேகத்தில் கோளாறு எதுவும் இல்லை. சிறிய ஆய்வுதான், பத்துப் பேர்தான். ஆனால் கண்ணளவு என்பது எவ்வளவு தூரம் நம்மை ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நம் வீடுகளில் இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் சாப்பிடுகிறவர் ஒருவர், தாளிக்கிறவர் இன்னொருவர், பரிமாறுகிறவர் மூன்றாமவர், அவரும் அன்பு மிகுதியில் இன்னொரு கரண்டி வைக்கிறவர்.

சரி, அரிசிக்கு வருவோம். எடை குறைக்க வேண்டுமென்றால் சோற்றை நிறுத்து, ராத்திரி சப்பாத்தி சாப்பிடு என்பது ஊர் முழுக்கச் சொல்கிற வைத்தியம். தராசில் வைத்துப் பார்த்தால் இது அவ்வளவு நேரான விஷயம் இல்லை. அரிசியும் கோதுமை மாவும் வேகாத நிலையில் 100 கிராமுக்கு 320-லிருந்து 360 கலோரிக்குள்தான். நடுத்தர சப்பாத்தி ஒன்றுக்கு 40 கிராம் மாவு போகிறது, நானே உருண்டைகளை வைத்துப் பார்த்தேன். மூன்று சப்பாத்தி என்றால் 120 கிராம் மாவு, ஏறக்குறைய 400 கலோரி, தேய்க்கிற எண்ணெயும் குருமாவும் தனி. அதே ராத்திரி நாலு இட்லி சாப்பிட்டால் 240 பக்கம்தான் வரும், ஆவியில் வெந்ததால் எண்ணெயும் கிடையாது. சர்க்கரை அளவுக்கு, நார்ச்சத்துக்கு என்று கோதுமைக்கு வேறு நியாயங்கள் இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. எடைக்கு மட்டும் என்றால் எந்தத் தானியம் என்பதைவிட எத்தனை கிராம் என்பதே பேச்சு. சிறுதானியமும் அப்படித்தான். ராகி, கம்பு, தினை எல்லாமே அதே 320-360 வட்டத்துக்குள் வருகின்றன. நார்ச்சத்து அதிகம், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், ராகியில் கால்சியம் நிறைய. நல்ல சாப்பாடுதான், சந்தேகமே இல்லை. ஆனால் சிறுதானியம்தானே என்று தட்டு நிறைய வைத்துக்கொண்டால் எடை இறங்காது.

கலோரி எண்ணும் செல்போன் ஆப்பில் கணக்கு எழுதுகிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். 100 கிராம் பச்சரிசியோ புழுங்கலரிசியோ, வேகும்போது தண்ணீரைக் குடித்து 250 கிராமுக்கு மேல் சோறாகிவிடும். கலோரி அதே 350-தான், எடை மட்டும் கூடியிருக்கிறது. ஆப்பில் 'அரிசி' என்று தேடினால் வேகாததும் வெந்ததும் கலந்து வரும். வெந்த சோற்றை எடை போட்டுவிட்டு வேகாத அரிசியைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு இரண்டரை மடங்குக்கு மேல் ஏறிவிடும், மாற்றிச் செய்தால் அதே அளவுக்கு இறங்கிவிடும். பருப்பு, சுண்டல், மீல் மேக்கர், சிக்கன் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. வேகாத எடையைக் குறித்துக்கொள்வதே எனக்கு வசதியாகப் படுகிறது. அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 இந்திய உணவுகளுக்கு எண்கள் இருக்கின்றன, பெரும்பாலும் சமைக்காத பொருளுக்கு. வெளிநாட்டு ஆப்பில் யாரோ ஏற்றிய 'சாம்பார் ஒரு கிண்ணம்' என்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்படியானால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் கொதிக்கும் சாம்பாரை எப்படிக் கணக்கெடுப்பது? இதற்கும் வழி இருக்கிறது. எங்கள் எவர்சில்வர் பாத்திரங்களின் அடியில், கல்யாணச் சீரில் வந்த பெயர் வெட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், காலி எடையை மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். சாம்பார்ப் பாத்திரம் 640 கிராம், குழம்புச் சட்டி 910, இப்படி. தேய்க்கத் தேய்க்க மார்க்கர் போய்விடுகிறது, அதனால் ஃப்ரிட்ஜ் கதவிலும் ஒரு தாளில் ஒட்டியிருக்கிறது. துவரம்பருப்பு 150 கிராம், எண்ணெய் 15 கிராம், காய் 300 கிராம் என்று போட்டால் மொத்தம் 750 கலோரி வாக்கில் வரும். சாம்பார் ஆனதும் பாத்திரத்தோடு நிறுத்துக் காலி எடையைக் கழித்தால் 1800 கிராம். ஆக 100 கிராம் சாம்பாருக்கு 40 சொச்சம்தான். தட்டில் 200 கிராம் ஊற்றிக்கொண்டாலும் 85-ஐத் தாண்டவில்லை. சாம்பாரைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம் என்பது சந்தோஷமான செய்தி. கூடவே இன்னொரு செய்தியும் வருகிறது. அந்த 200 கிராமில் புரதம் 4 கிராம் பக்கம்தான். தினமும் பருப்பு சாப்பிடுகிறோம், புரதம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுச் சைவச் சாப்பாட்டில் பலருக்கு இருக்கிறது. கெட்டிப் பருப்பாகப் பிசைந்து சாப்பிட்டால் ஒழிய அது நடப்பதில்லை.

புரதத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்பு மட்டும் கரையாது, தசையும் கூடவே போகும். அதைத் தடுக்கத் தட்டில் போதிய புரதமும் கையில் கொஞ்சம் பளுவும் வேண்டும். சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. எடை குறைக்கும் காலத்தில் நான் 1.2 கிராம் வைத்துக்கொண்டேன், அதாவது 90 கிராம் பக்கம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. தராசு இல்லாமல் இந்த 90-ஐ எட்டுவது எனக்குச் சாத்தியமாக இருந்திருக்காது. முட்டை ஒன்றுக்கு 6 கிராம். காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10. தயிர் 200 கிராமில் 6 சொச்சம். மீல் மேக்கர்தான் இதில் ராஜா, காய்ந்த நிலையில் 50 கிராமுக்கு 25-க்கு மேல், விலையும் மலிவு. மத்தி மீனோ சிக்கனோ 100 கிராம் இருந்தால் 20 பக்கம். டப்பா பவுடர் வாங்காமலே இந்தக் கூட்டல் சரியாக வந்துவிட்டது.

கொட்டை, தேங்காய், பொடி விஷயத்தில் தராசு கொஞ்சம் மனசைக் கஷ்டப்படுத்தும். வேர்க்கடலை 100 கிராமுக்கு 500-க்கு மேல். சத்தானதுதான், ஆனால் டிவி முன்னால் ஒரு கை இரண்டு கை என்று எடுத்தால் 60 கிராம் தெரியாமல் போய்விடும், ஒரு சாப்பாட்டுக்கான கலோரி அது. தேங்காய் 100 கிராமுக்கு 350-க்கு மேல், ஆகவே ஒரு மூடி அரைத்த சட்னியில் 500 கலோரி இருக்கிறது, அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதே கேள்வி. இட்லிப் பொடிக்கு ஒரு குழி நல்லெண்ணெய் விட்டால் 14 கிராம், 126 கலோரி, இரண்டு இட்லிக்குச் சமம். நான் எதையும் விடவில்லை. பொடிக்கு இப்போது 5 கிராம் நல்லெண்ணெய், மீதிக்குக் கொஞ்சம் வெந்நீர் தெளித்துக் குழைத்துக்கொள்கிறேன். வாசனை அப்படியே இருக்கிறது. தேங்காய்ச் சட்னிக்குப் பொட்டுக்கடலையைக் கொஞ்சம் கூட்டித் தேங்காயைப் பாதியாக்கியதையும் வீட்டில் யாரும் குறையாகச் சொல்லவில்லை.

காய்கறியை நிறுக்காதீர்கள், அது வீண் வேலை. சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ், கீரை எதுவானாலும் 100 கிராமுக்கு 15-லிருந்து 45-க்குள்தான். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடுங்கள், அதில் விடும் எண்ணெயையும் தேங்காயையும் மட்டும் பாருங்கள்.

இனி உடற்பயிற்சி. தராசைப் பற்றிய விமர்சனத்தில் இதற்கு என்ன வேலை என்று தோன்றலாம். இரண்டையும் ஒரே எண்ணில் பார்க்க வைப்பதே இந்தத் தராசு எனக்குச் செய்த நல்ல காரியம். 75 கிலோ ஆள் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடந்தால் 250 கலோரி வாக்கில் செலவாகும். 28 கிராம் எண்ணெயில் அது இருக்கிறது. நடந்துவிட்டு வரும் வழியில் டீக்கடையில் ஒரு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் நடந்ததெல்லாம் அங்கேயே சரியாகிவிடும். காலையில் பூங்காவில் வருஷக்கணக்காக ஒழுங்காக நடந்தும் உருவம் மாறாமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உழைப்பில் குறையே இல்லை, கணக்கு மட்டும் தட்டில் அடிபடுகிறது.

அதற்காக நடையை விட்டுவிடலாம் என்று அர்த்தமே இல்லை. எடையை இறக்குவதில் சாப்பாட்டின் பங்கு பெரிது, இறங்கியது மறுபடி ஏறாமல் காப்பதில் உடற்பயிற்சியின் பங்கு பெரிது. அமெரிக்காவில் 1994-லிருந்து, குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷமாவது அதைக் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்றை நடத்துகிறார்கள். அதில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள், அதிலும் நடைதான் அதிகம். சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், மூட்டு, மனசு என்று நடையின் பலன் எடை காட்டுகிற எண்ணோடு முடிவதில்லை. நான் நடையோடு வாரத்தில் சில நாள் வீட்டிலேயே உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால், தண்ணீர்க் குடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்குவது என்று பளு வேலையும் செய்கிறேன். 10 கிலோ அரிசிப் பை ஒரு அருமையான சாதனம், தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இப்போது தராசின் குறைகள். அதிலும் நிறையச் சொல்ல இருக்கிறது.

முதல் தொல்லை, தானாக அணைந்துவிடுவது. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சும்மா விட்டால் திரை போய்விடும். எண்ணெய் பாட்டிலை சைபர் செய்து எடுத்துப் போய்த் தோசை ஊற்ற ஆரம்பித்தால், நாலாவது தோசையில் தராசு தூங்கிவிடும், மைனஸ் கணக்கு போச்சு. இதற்குத் தீர்வு, டேரை நம்பாமல் பாட்டிலின் ஆரம்ப எடையைப் பலகையில் குறித்துவிட்டுக் கடைசியில் கழித்துக்கொள்வது. பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் இப்படி வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் ஐந்து நிமிஷமாவது கொடுத்திருக்கலாம். வாங்கும்போது இதை விசாரியுங்கள், சில மாடல்களில் நேரம் கூடுதலாக இருக்கிறது.

இரண்டாவது, அகலமான தட்டோ கடாயோ வைத்தால் திரையை அது மறைத்துவிடும். குனிந்து, எட்டிப் பார்த்து, பாத்திரத்தைத் தூக்கி என்று ஒரே அவஸ்தை. காபி டபராவைக் கவிழ்த்துத் தராசின் மேல் வைத்து டேர் அழுத்தி, அதன் மேல் தட்டை வையுங்கள், உயரம் கிடைத்துவிடும், திரை தெரியும்.

மூன்றாவது, சின்ன அளவுகளில் தடுமாறும். இரண்டு மூன்று கிராமை மெதுவாகத் தூவினால் தராசுக்கு உறைப்பதே இல்லை, ஆடாமல் சைபரிலேயே நிற்கும். ஒரேயடியாகப் போட்டால் காட்டும். உப்பையோ மருந்துப் பொடியையோ இதில் நிறுக்க முடியாது. எடை குறைப்புக்கு இந்தத் துல்லியம் போதும், ஒரு கிராம் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது.

அலகு மாற்றும் பட்டனில் மில்லி என்று ஒன்று வரும், அதைத் தொடாதீர்கள். அது தண்ணீரைக் கணக்கில் வைத்துச் சொல்கிற எண். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, 100 மில்லி எண்ணெய் 91 கிராம்தான். எப்போதும் கிராமிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கை பட்டு அவுன்ஸுக்குப் போய்விட்டால் எண்கள் விநோதமாக வரும், பயப்பட வேண்டாம், கிராம் வரும்வரை பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

வெள்ளை பிளாஸ்டிக்கில் மஞ்சள்தூள் கறை பட்டால் போகவே போகாது. எங்கள் தராசின் தட்டு இப்போது வெளிர் மஞ்சள் நிறம்தான். குழாயில் காட்டிக் கழுவக் கூடாது, பட்டன் வழியாகத் தண்ணீர் இறங்கினால் கதை முடிந்தது. நான் முதலில் வாங்கிய தராசு சில மாதங்களில் திரை மங்கிப் போய்விட்டது, வேறு பேட்டரி போட்டும் வரவில்லை. விற்ற கடையில் பில்லைக் காட்டியதும் முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இருப்பது அந்த இரண்டாவது தராசு, மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறோம். ஓடுகிறது.

உடம்பு எடை பார்க்கும் மெஷினோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேண்டும்தான், ஆனால் காலையில் அதில் ஏறிப் பார்க்கும் எண் ராத்திரி சாப்பிட்ட ஊறுகாயின் உப்புக்கே ஒரு கிலோ ஏறி இறங்கும். டயட் ஆரம்பித்த முதல் வாரம் சட்டென்று இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர், உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும்போது கூடவே வெளியேறுவது. அதைப் பார்த்து ஆகாயத்தில் மிதந்துவிட்டு, மூன்றாவது வாரம் நின்றதும் மனசு விட்டுப் போகிறவர்கள் எத்தனை பேர். வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். கூடவே தையல்காரர் டேப் ஒன்று வாங்கி இடுப்பை அளந்து வாருங்கள். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 என்பதே எல்லைக்கோடு. நமக்கு பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 23-லிருந்தே அதிக எடை என்றும் 25-லிருந்தே உடல்பருமன் என்றும் கணக்கு, வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் 25-ம் 30-ம் நமக்குப் பொருந்தாது. 170 சென்டிமீட்டர் உயரமான எனக்கு 75 கிலோ என்பது இன்னும் 26 பக்கம், ஆகவே நான் இன்னும் இறங்க வேண்டியிருக்கிறது.

யார் வாங்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டைப் பற்றியே ஓயாமல் நினைத்து வதைபடுகிறவர்கள், சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் வாந்தி எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், எண்கள் அவர்களை இன்னும் வாட்டும், மனநல மருத்துவரைப் பாருங்கள். வளர்கிற பிள்ளைகளின் தட்டை நிறுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் டாக்டர் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைக் கடுமையாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் மருந்தளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது, முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

மற்றவர்களும் ஆயுசு முழுக்க ஒவ்வொரு கவளத்தையும் நிறுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தால் கண் பழகிவிடும். இப்போது சோற்றுக் கரண்டியைப் பார்த்தே கிராம் சொல்லிவிட முடிகிறது, ஆகவே சோற்றையும் இட்லியையும் நான் நிறுப்பதில்லை. எண்ணெய், கடலை, தேங்காய் மூன்றையும் மட்டும் விடாமல் நிறுக்கிறேன், இந்த மூன்றில் கண் எத்தனை பழகினாலும் கை ஏமாற்றும். கல்யாண வீட்டிலும் ஹோட்டலிலும் தராசைப் பற்றி நினைப்பதே இல்லை. பந்தியில் உட்கார்ந்து இலையை அளந்துகொண்டிருந்தால் பரிமாறுகிறவருக்கும் சங்கடம், நமக்கும் சாப்பாடு இறங்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடையில் நேரில் பார்த்து வாங்க முடிந்தால் பையில் பத்து 5 ரூபாய் நாணயம் எடுத்துப் போங்கள், 2011-லிருந்து 2018 வரை அச்சடித்த மஞ்சள் நிற நாணயங்களாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வந்தவற்றின் எடை வேறு. ஒன்று 6 கிராம். பத்தையும் அடுக்கி வைத்தால் திரையில் 60 வர வேண்டும். 59, 61 என்றால் சரி, எடுத்துக்கொள்ளலாம். தட்டின் ஓரத்தில் வைத்தாலும் நடுவில் வைத்தாலும் அதே எண் வருகிறதா என்றும் பாருங்கள். 64, 65 என்று காட்டினால் கூச்சப்படாமல் அடுத்த பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிடுங்கள், ஒரு லிட்டர் தண்ணீரையும் ஊற்றிப் பாருங்கள், 1000 கிராமை ஒட்டி வர வேண்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.